பூஜ்ஜியத்தில் முகடு வந்தாலே கோண்டோ இல்லை

மறுபடியும் அதே வரைபடம். தங்கக் கம்பியை எலக்ட்ரோமைக்ரேஷனில் (வலுவான மின்னோட்டத்தால் அணுக்களை நகர்த்தி) அறுத்து, 4.2 கெல்வினில் மின்கடத்தலை அளந்து, பூஜ்ஜிய பயாஸில் (மின்னழுத்தம் சுழியாகும் இடத்தில்) ஒரு முகடு. மேலே “ஒற்றை மூலக்கூறில் கோண்டோ” என்று தலைப்பு. கோண்டோ என்பது, இணையில்லாத ஒரு ஸ்பினை (எலக்ட்ரானின் காந்தப் பண்பை) உலோகத்தின் எலக்ட்ரான்கள் குளிரில் சூழ்ந்து மறைப்பதால் இத்தகைய முகடு வரும் விளைவு. ஆய்வு மாணவர்களே, தலைப்பு வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

2002-இல் கார்னெல், ஹார்வர்டு குழுக்கள் கோபால்ட், வனேடியம் மூலக்கூறுகளில் கோண்டோவைக் காட்டின. அதிலிருந்து முகடு என்றாலே மூலக்கூறின் ஸ்பின்தான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மூலக்கூறே போடாத வெறும் தங்க இடைவெளியிலும் கோண்டோ வரும். 2005-இலேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். கம்பி அறும்போது இடைவெளியில் தங்கத் துணுக்குகள் தங்கிவிடுகின்றன. துணுக்கில் எலக்ட்ரான்கள் ஒற்றைப்படையாக இருந்தால் அதற்கும் ஸ்பின் உண்டு. கூலோம் வைரங்களும் (வரைபடத்தில் மின்னோட்டம் தடைபடும் வைர வடிவப் பகுதிகள்) அதே துணுக்கில் வரும். ஆகவே “வைரம் தெரிகிறதே” என்ற வாதமும் செல்லாது.

கம்பியின் மின்தடை சில கிலோஓம் ஆனதும் மின்னழுத்தத்தை எடுத்துவிடுங்கள்; மீதியை அறை வெப்பநிலையில் தானாக அற விடுங்கள். துணுக்குத் தொல்லை வெகுவாகக் குறையும். மூலக்கூறு இல்லாத சந்திகளையும் (அறுந்த கம்பியின் இடைவெளிகளையும்) அதே சில்லில், அதே கரைப்பானில் கழுவி, அதே எண்ணிக்கையில் அளக்க வேண்டும். “நேரமில்லை” என்றால் முடிவும் இல்லை.

லாக்-இன் பண்பேற்றத்தை, அதாவது அளப்பதற்காகச் சேர்க்கும் சிறிய மாறுதிசை மின்னழுத்தத்தை, பாருங்கள். 4.2 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.36 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அங்கே 1 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் கொடுத்தால் அதுவே முகட்டை 2.4 மில்லிவோல்ட் அகலமாக்கும். அந்த அகலத்திலிருந்து கோண்டோ வெப்பநிலை (சுமாராக இதற்குக் கீழேதான் விளைவு வலுப்படும்) கணக்கிடுவது வீண்வேலை. பண்பேற்றத்தை 0.3 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வையுங்கள்.

வெப்பநிலையை 4-லிருந்து 40 கெல்வின் வரையாவது ஏற்றி, முகட்டின் உயரம் மடக்கை முறையில் சரிகிறதா என்று பாருங்கள். மூன்று புள்ளி போதாது. பொருத்தும் சமன்பாட்டில் 0.22 என்ற அடுக்கு ஸ்பின் அரைக்கு மட்டுமே உரியது; எல்லா மூலக்கூறுக்கும் அதையே போடாதீர்கள்.

காந்தப்புலத்தில் முகடு இரண்டாகப் பிளக்கவில்லை என்றதும் கோண்டோவைக் கைவிடவும் வேண்டாம். கோண்டோ வெப்பநிலை 30 கெல்வின், ஜி காரணி (ஸ்பின் காந்தப்புலத்துக்கு எவ்வளவு வினைபுரியும் என்ற எண்) 2 என்றால் பிளவு தொடங்கவே சுமார் 11 டெஸ்லா வேண்டும். 9 டெஸ்லா காந்தத்தில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று: கேபிள் மாற்றும் முன் மணிக்கட்டுப் பட்டை போட்டு, எல்லா முனைகளையும் எர்த் செய்யுங்கள். நிலைமின்சாரம் ஒருமுறை பாய்ந்தால் சந்தி போய்விடும். மிச்சமிருப்பது மீண்டும் தங்கத் துணுக்குதான்.