ரேண்டம் எண்களைத் தரும் நிரலில் கைவைப்பது

2006-ஆம் ஆண்டில் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கத் தொகுப்பில், ஊகிக்க முடியாத ரேண்டம் எண்களை உருவாக்கும் நிரலிலிருந்து இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகத்தை நிரல் பயன்படுத்துகிறது என்று வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்ததே அதற்குக் காரணம். எச்சரிக்கை பொய்யல்ல, ஆனால் அந்த இரண்டில் ஒன்று, ரேண்டம் எண்களுக்கு அடிப்படையாக வெளியிலிருந்து வரும் விதைத் தரவு முழுவதையும் கலக்கும் வரி. அது போனபின் விதையாக எஞ்சியது, லினக்ஸில் வழக்கமாக 32,768-ஐ எட்டாத புராசஸ் எண், அதாவது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் அடையாள எண், மட்டுமே. ஆகவே ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்தில் உருவாக்கப்பட்ட, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள் அனைத்தும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம் இது அறிவிக்கப்படும்வரை சுமார் இரண்டு ஆண்டுகள் தவறு வெளியே தெரியவில்லை. விதை எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், தரவைக் கலைத்துக் குறிப்பிட்ட நீள எண்ணாக்கும் ஹேஷ் சார்பின் வழியே வந்த எண்கள் புள்ளியியல் சோதனைகளில் ஒழுங்கற்றவையாகவே தோன்றும் என்பதுதான் இந்த வேலையின் உண்மையான ஆபத்து.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இதே பொறுப்பை ஏற்றிருக்கும் நிரலை 1994-இல் தியோடர் ட்சோ எழுதினார். விசைப்பலகை, வட்டு போன்றவை செயலியை அழைக்க அனுப்பும் குறுக்கீடுகளின் நுண்ணிய நேர வேறுபாடுகளையும், இருந்தால் செயலியின் ரேண்டம் கட்டளை தரும் எண்களையும் அது ஒரு தொட்டியில் கலந்து வைக்கிறது. தொட்டியிலிருந்து எடுக்கப்படும் 256 பிட் விதை, சாசா20 மறையாக்க முறைக்குச் சாவியாகிறது. சாசா20 ஒரு சுற்றில் 64 பைட் தருகிறது; அதில் முதல் 32 பைட் உடனே பழைய சாவியை அழித்து அதன் இடத்தில் அமர, மீதிதான் கேட்டவருக்குப் போகிறது. இதனால் நாளை ஒருவர் நினைவகத்தை முழுதாகப் படித்துவிட்டாலும், நேற்று கொடுத்த எண்களைத் திரும்பக் கணக்கிட அவருக்கு வழியில்லை. எளிமையான ஏற்பாடு, ஆனால் அழகானது.

2022-இல் ஜேசன் டோனன்ஃபெல்ட் இந்த நிரலைப் பெருமளவு திருத்தி, பழைய ஷா-1 இருந்த இடத்தில் பிளேக்2எஸ் ஹேஷைக் கொண்டுவந்தார். கணிதப் பகுதியை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது என்றே சொல்வேன். சிக்கல் பெரும்பாலும் கணினி எழும் முதல் சில நொடிகளில்தான் இருக்கிறது. 2019-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் வட்டைப் படிக்கும் வேலையைக் குறைத்து வேகம் கூட்டினார்கள். குறுக்கீடுகள் குறைந்தன, தொட்டி நிரம்பவில்லை, ரேண்டம் எண் கேட்டுக் காத்திருந்த நிரல் நகரவில்லை, சில கணினிகள் பயன்பாட்டுக்கு வராமல் பாதியிலேயே நின்றன. ரேண்டம் நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வேக மாற்றத்தை முதலில் திரும்பப் பெற்றார். பிறகு, காத்திருக்கும்போது செயலியின் நேரத் தடுமாற்றங்களிலிருந்தே விதை திரட்டும் வழியைக் கெர்னலின் 5.4 பதிப்பில் சேர்த்தார்.

அந்த வழிக்குத் துல்லியமான கடிகார எண்ணி தேவை. எல்லாச் செயலிகளிலும் அது இல்லை. எனவேதான் 2022-இல், நிரல்கள் காத்திருக்காமல் ரேண்டம் எண் வாங்கும் யூரேண்டம் கோப்பையும் விதை தயாராகும்வரை காத்திருக்க வைக்கலாம் என்று செய்த மாற்றம் சில பழைய வகைக் கணினிகளை எழவிடாமல் நிறுத்த, கெர்னலின் 5.18 பதிப்பு வெளிவருவதற்கு முன்பே அது திரும்பப் பெறப்பட்டது.