தனிப்பாடல் திரட்டு: 'ஹிட்ஸ்' கேசட்டின் தமிழ்ப் பெயர்

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. வெற்று கேசட் ஒன்றும், வேண்டிய பாட்டுகளை எழுதிய தாளும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அண்ணன் கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்துப் பட்டியல் எழுதிக்கொண்டு போவான். கடைக்காரர் பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வருவார். "இது கீது. இதுவும் கீது. இது மாஸ்டர் இல்ல தம்பி, வேற சொல்லு." கடைசியில் ஒரு கேள்வி: "அறுபதா, தொண்ணூறா?"

காசு எப்போதும் அறுபதுக்குத்தான் இருக்கும். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு முழுசாக ஏறும், ஏழாவது பாதியில் சடக்கென்று நிற்கும். அந்த ஏழாவது பாட்டை இன்றைக்கு எங்கே கேட்டாலும், இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் ஒரு 'சடக்'கை என் காது எதிர்பார்க்கிறது.

கேசட் பெட்டியின் முதுகில் அவர் பச்சை மையில் எழுதித் தந்த பெயர்: 'ஹிட்ஸ் – 3'.

வெவ்வேறு வருஷங்களில் தனித்தனியாக வந்து ஓடிய பாட்டுகளைப் பின்னால் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்த இந்தப் பொருளை ஆங்கிலத்தில் காம்பிலேஷன் ஆல்பம் என்பார்கள். ஒரே பாடகருடையது என்றால் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். தமிழில் என்ன என்று கேட்டால் உடனே 'தொகுப்பு' என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. தொகுப்பு வீடு, தொகுப்பூதியம் என்று எதை வேண்டுமானாலும் அந்தச் சொல்லில் கட்டிவிடலாம். தேர்ந்தெடுத்தது, நாள்பட்டது, ஊர் முழுக்க ஓடியது என்ற வாசனை அதில் இல்லை.

முதலில் ஆல்பத்தைப் பார்ப்போம். லத்தீனில் 'அல்பஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அரசு அறிவிப்புகளை எழுதி வைப்பார்கள். அந்தப் பலகைதான் ஆல்பம். நம் பக்கம் தேர்தல் வந்தால் முதல் வேலையாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி இடம் பிடிப்பார்களே, அதுவும் சொல்லின் பிறப்புப்படி ஆல்பம்தான். பிறகு ஐரோப்பாவில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் வெற்றுத்தாள் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போயிற்று, அங்கிருந்து போட்டோ ஒட்டும் புத்தகத்துக்கு வந்தது. இசைக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டு வேண்டும். அவற்றை உறை உறையாகத் தைத்த தடித்த அட்டைப் புத்தகத்தில் போட்டு விற்றார்கள். பார்க்கப் போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1948இல் கொலம்பியா கம்பெனி, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தபோது புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மறுவருஷம் ஆர்.சி.ஏ. விக்டரின் 45 சுற்றுச் சின்னத் தட்டு வந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. 'சிங்கிள்' என்றால் பல பேர் மனதில் வருவது இந்தத் தட்டுதான்.

ஆக, அங்கே சிங்கிளும் ஆல்பமும் எதிரெதிர். இங்கே நடந்ததைப் பாருங்கள். நம்மிடம் பாட்டு படத்திலிருந்துதான் வரும். சினிமாப் பாட்டுக்கு வந்த 45 சுற்றுத் தட்டில்கூடப் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. சிங்கிள் என்ற சரக்கே நமக்கு வெகுகாலம் தேவைப்படவில்லை. அதனால் 'ஆல்பம்' என்ற சொல் தமிழில் வேறு வழியில் போய்விட்டது. படத்தில் வராத பாட்டை இன்றைக்கு 'ஆல்பம் சாங்' என்கிறோம். வியாசர்பாடிப் பையன் ஒருவன் சொந்தமாக ஒரே ஒரு கானாப் பாட்டு எழுதிப் பாடி யூடியூபில் ஏற்றினால், அக்கம்பக்கத்தில் "ஆல்பம் பண்ணிட்டான்" என்பார்கள். ஆங்கிலக் கணக்கில் அது சுத்தமான சிங்கிள். இப்போது படம் வருவதற்கு முன்னால் 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' விடுகிறார்கள், அது ஆல்பத்தில் ஒரு துண்டு. சொல் இப்படித் தலைகீழாகப் போனதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். இறக்குமதியான சொல்லும் இங்கே கொஞ்ச நாள் குடியிருந்தால் இந்த ஊர் வழக்கத்துக்கு வந்துவிடும்.

'ஹிட்ஸ்' அப்படித்தான். அடித்தல், பட்டுத் தெறித்தல் என்ற பொருளில் இருந்து வெற்றி பெற்ற நாடகத்துக்கும் பாட்டுக்கும் வந்த சொல். ஆங்கிலத்தில் அது பன்மை. கடையிலோ "ஹிட்ஸ் ஒண்ணு குடுங்கண்ணா" என்றுதான் கேட்போம். ஓடிய பாட்டுகளுக்கான பன்மைப் பெயர், அவற்றைப் போட்ட பெட்டிக்கு ஒருமைப் பெயராகிவிட்டது.

'கம்பைல்' என்ற வினைக்குப் பிறப்பு அவ்வளவு மரியாதையானது அல்ல. லத்தீன் 'கம்பிலாரே' என்றால் கொள்ளையடிப்பது, சூறையாடுவது. அடுத்தவன் எழுத்தை எடுத்துத் தன் எழுத்தோடு கலப்பவனை 'கம்பிலாட்டர்' என்று திட்டினார்கள். ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர் எழுதிய சொற்களஞ்சியத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. ஹோமரின் அடிகளை எடுத்துக் கலந்ததாக மகாகவி வர்ஜிலையே பொறாமைக்காரர்கள் இப்படி ஏசினார்கள் என்றும் அதில் வருகிறது. பின்னால் திட்டு தேய்ந்து 'சேர்த்துத் தருபவர்' என்ற நல்ல பொருள் நின்றது. நம்மிடம் பயணம் நேர் எதிர். பொறுக்குதல் என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுப்பது. அரிசியில் கல் பொறுக்குவோம், காசிமேட்டில் குவித்த மீனில் வகை பொறுக்குவார்கள். வேலை என்னவோ நல்ல வேலை. ஆனால் அதைச் செய்பவனைப் பெயர் சொல்லி அழைத்தால் அடிதான் விழும். அதனால் 'பாட்டுப் பொறுக்கி' என்ற அருமையான சொல்லை நான் மனசில்லாமல் கைவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஆந்தாலஜி. கிரேக்கத்தில் பூப்பறித்தல் என்று பொருள். இங்கே தமிழ் உடனே கை கொடுக்கிறது. கலம்பகம் என்ற சிற்றிலக்கியத்தின் பெயர் பலவகைப் பூ கலந்து கட்டிய மாலையையும் குறிக்கும். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் அந்தப் பொருளில்தான் ஆண்டிருக்கிறார். கல்மண்டபம் மார்க்கெட்டுப் பூக்கார அக்காவிடம் இதே பொருள் கதம்பம். மல்லி, கனகாம்பரம், நடுநடுவே மரிக்கொழுந்து. கதம்பம் வடசொல்தான், கூட்டம் என்று பொருள். பல பாடகர்கள் கலந்த கேசட்டுக்கு 'பாட்டுக் கதம்பம்' நல்ல பெயர், வானொலிக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. ஆனால் கதம்பம் அன்றைக்குக் கட்டி அன்றைக்கே வாடுவது. பத்து, இருபது வருஷம் கழித்தும் நிற்கும் பாட்டுக்கு அது பொருந்துமா?

சரி, இலக்கணக்காரர்களைக் கேட்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் தண்டியலங்காரம் செய்யுளை நாலாகப் பிரிக்கிறது: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. முத்தகம் என்பது தனியே நின்று பொருள் முடியும் ஒற்றைப் பாட்டு, அதாவது சிங்கிள். குளகம் என்பது பல பாட்டு சேர்ந்து ஒரே வினையில் பொருள் முடிவது. தொடர்நிலை காப்பியம் மாதிரி கோத்துச் செல்வது. தொகைநிலை என்பது சேர்த்து வைத்தது. அதற்கு மேல் தொகையை எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்றும் நூற்பாவில் பட்டியல் வருகிறது. ஒருவர் பாடியது, பலர் பாடியது, பொருள், இடம், காலம், தொழில், பாட்டின் வகை, அளவு. படித்தபோது எனக்கு அந்த ரெக்கார்டிங் சென்டரின் மர அடுக்குதான் கண்முன் வந்தது. மேல் தட்டில் ஒரே பாடகரின் ஹிட்ஸ். கீழே பலர் பாடிய சோகப் பாட்டு, காதல் பாட்டு, அம்மன் பாட்டு. அப்புறம் 'எழுபதுகளின் இனிய பாடல்கள்', அது காலம். கானா தனி அடுக்கு, அது பாட்டின் வகை. அளவு? அதுதான் அறுபதா தொண்ணூறா. சங்கப் பாட்டுகளைச் சேர்த்தவர்களும் அளவு பார்த்துத்தான் பிரித்தார்கள். நாலு முதல் எட்டு அடி குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, அதற்கு மேல் அகநானூறு. தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இரண்டு பேரைத் தனித்தனியாகக் குறித்தும் வைத்தார்கள். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், செலவு ஏற்றவர் இன்னொருவர். இன்றைய தட்டு உறையின் பின்பக்கமும் இப்படித்தானே இருக்கிறது?

அப்படியானால் 'தொகை' என்றே வைத்துவிடலாமே என்றால், ஒரு சிக்கல். தொகை என்றால் இன்றைக்குப் பணம். 'பாடல் தொகை' என்று எழுதினால் பாடகருக்குக் கொடுத்த சம்பளம் என்று படிப்பார்கள்.

நான் வந்து நிற்கும் சொல் திரட்டு. திரளுதல் என்றால் சும்மா கூடுவது மட்டும் இல்லை, கூடி இறுகுவது. மோரில் வெண்ணெய் திரள்கிறது. பாலை அடுப்பில் வைத்துக் கிண்டிக் கிண்டி, படிக்கணக்கில் இருந்ததைக் கரண்டியில் அள்ளுகிற அளவுக்குச் சுண்ட வைத்தால் திரட்டுப்பால். வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் பாட்டு வருகிறது, காலம் அடுப்பில் வைத்துச் சுண்ட வைக்கிறது, அடியில் நிற்பது பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுக்குத் திரட்டைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. முழுச் சொல்லும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. காளமேகம், ஔவையார், இரட்டைப்புலவர் போன்றவர்கள் அவ்வப்போது பாடி, வாய்வழியாக ஊர் ஊராகப் பரவிய பாட்டுகள் நூற்றாண்டுக் கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் சோறு வரத் தாமதமானதற்குக் காளமேகம் பாடிய கிண்டல் பாட்டு இன்றைக்கும் சாப்பாடு தாமதமாகிற பந்தியில் யாராவது ஒருவர் வாயில் வந்துவிடும். அதைவிட ஹிட் வேண்டுமா? இப்படிப்பட்ட பாட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் சந்திரசேகர கவிராச பண்டிதர் சேர்த்துக் கொடுத்தார். நூலின் பெயர் 'தனிப்பாடல் திரட்டு'. தனிப்பாடல் சிங்கிள், திரட்டு காம்பிலேஷன். யாரும் மொழிபெயர்க்காமலே சொல்லுக்குச் சொல் நிற்கிறது.

மேற்கில் இந்த வியாபாரம் சூடு பிடித்ததெல்லாம் அதற்கு வெகு பின்னால். ஜானி மேத்திஸ் என்ற பாடகரின் ஓடிய பாட்டுகளைச் சேர்த்து 1958இல் வந்த தட்டைத்தான் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வகைக்கு முன்னோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை போடும் ஆல்பம் பட்டியலில் 490 வாரம் இருந்தது, ஒன்பது வருஷத்துக்கு மேல். மறுவருஷமே கலிபோர்னியாவில் ஆர்ட் லபோ என்ற வானொலிக்காரர், பலர் பாடிய பழைய சிங்கிள்களை ஒரே தட்டில் போட்டார். 1983இல் பிரிட்டனில் வர்ஜினும் இ.எம்.ஐ.யும் சேர்ந்து 'நவ்' வரிசையைத் தொடங்கின. 'நவ் தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்' என்ற அதன் நீளமான பெயர், கோழி பாட பன்றி கேட்கிற பழைய பன்றிக்கறி விளம்பரம் ஒன்றிலிருந்து எடுத்தது.

நம் பக்கம் கேசட்டுக்குப் பிறகு எம்.பி.3 தட்டு வந்தது. ஒரு சி.டி.யில் 150 பாட்டு. பர்மா பஜார் பக்கம் போனால் நாலு பக்கமும் 'ஹிட்ஸ்'. அதைத் திரட்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுண்ட வைக்காத பால் அது, தொகுப்பு என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். இப்போது யூடியூபில் இசைக் கம்பெனிகள் போடும் 'ஜூக்பாக்ஸ்' என்ற சொல்லும் இடம் மாறி வந்ததுதான். காசு போட்டால் நாம் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டிக்கு அங்கே அந்தப் பெயர். இங்கே அவர்கள் போட்ட வரிசையில் நாம் கேட்க வேண்டிய வீடியோவுக்கு.

வழக்கில் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை: ஒற்றைப் பாட்டு வெளிவந்தால் தனிப்பாடல். படத்தின் பாட்டுகள் மொத்தமும் இசைத்தொகுப்பு. பல பேர் பாடிக் கலந்தது பாட்டுக் கதம்பம். பழையதில் ஓடியதை மட்டும் எடுத்துச் சேர்த்தது தனிப்பாடல் திரட்டு, பேச்சில் சுருக்கமாகப் பாட்டுத் திரட்டு. ஹிட் என்ற சொல்லை விரட்ட வேண்டியதில்லை. அதற்குச் சமமாகச் 'சக்கைப்போடு' இருக்கிறது என்றாலும், சக்கைப்போடு திரட்டு என்று யாரும் கேசட்டில் எழுதப்போவதில்லை.

அண்ணனின் அந்த கேசட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. நாடா ஒட்டிக்கொண்டது, பாடாது. பச்சை மை மங்கி 'ஹி' மட்டும்தான் தெரிகிறது. போன மாதம் அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டுத்தாள் ஒட்டி, 'திரட்டு – 3' என்று எழுதி வைத்தேன். அண்ணன் வந்தவன் எடுத்துப் பார்த்துவிட்டுக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டான்.

"இன்னாடா இது, திரட்டுப்பாலா?"