3,000 பேர், 2,000 சாப்பாடு

"பேரிடர் அதிகாரிகளுக்குச் சீட்டு விளையாட்டில் பயிற்சி தருகிறார்களாமே, வேறு வேலை இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தருகிறார்கள்தான். அதுவும் ஜப்பானில்.

1995 ஜனவரி 17 விடிகாலையில் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று லட்சம் பேருக்கு மேல் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். அன்று முடிவெடுக்க வேண்டியிருந்த மாநகராட்சி ஊழியர்களைப் பின்னர் பேட்டி கண்ட யாமோரி, கிக்காவா முதலிய ஆய்வாளர்கள், அவர்கள் திண்டாடிய தருணங்களைச் சீட்டுகளாக்கினார்கள். 2004-இல் வந்த அந்த விளையாட்டின் பெயர் 'கிராஸ்ரோடு'.

ஒரு சீட்டு இப்படிப் போகும்: நீங்கள் உணவுப் பிரிவு அலுவலர். நிலநடுக்கம் வந்து சில மணி நேரம் ஆகிறது. முகாமில் 3,000 பேர். கையில் 2,000 சாப்பாடு. மேற்கொண்டு வருமா, தெரியாது. இருப்பதைக் கொடுப்பீர்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, பதில் சீட்டைக் கவிழ்த்துவைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பெரும்பான்மைப் பக்கம் இருந்தவர்களுக்கு நீலத் திண்டு ஒன்று பரிசு. திண்டு என்றால் அட்டைதான். ஆனால் ஒரே ஒருவர் மட்டும் தனித்து நின்றுவிட்டால், அவருக்குத் தங்கத் திண்டு. மற்ற நால்வருக்கும் ஒன்றும் கிடையாது!

என்னை மயக்கியது இந்த விதிதான். எந்த அலுவலகக் கூட்டத்திலும் பெரிய அதிகாரி வாயைத் திறந்ததும் மற்றவர்கள் "ஆமாம் சார்" என்றுவிடுவார்கள். 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், கண்ணுக்கு நேரே தெரிந்த கோட்டின் நீளத்தைக்கூடக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னவர்கள் உண்டு. பதிலைத் தனியாக எழுதித் தரச் சொன்னபோது அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. கவிழ்த்த சீட்டு செய்வதும் அதைத்தான். தங்கத் திண்டு ஒரு படி மேலே போய், தனித்து நிற்பதற்குக் கூலியும் கொடுக்கிறது.

அப்புறம்தான் பேச்சு. 'இல்லை' என்றவர், "ஆயிரம் பேர் வெறுங்கையோடு நின்றால் அடிதடி வராதா?" என்பார். 'ஆம்' என்றவர், "குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முதலில் கொடுத்தால்?" என்பார். அப்போதுதான் யாருக்காவது தோன்றும்: முகாமில் குழந்தைகள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தது? சரியான விடை எது என்று விளையாட்டு சொல்வதில்லை.

நம் ஊர் ஒத்திகைகளில் சைரன் ஊதும், ஸ்ட்ரெச்சர் ஓடும், படம் எடுப்பார்கள். வேண்டியதுதான். ஆனால் யார் எப்போது என்ன செய்வார் என்பது அங்கே முன்கூட்டியே எழுதியிருக்கும். அதிகாரி குழம்பவே வழியில்லை. அந்தச் செலவில் ஒரு துளியை எடுத்து, நம் தாசில்தார்களையும் கிராம நிர்வாக அலுவலர்களையும் பேட்டி கண்டு நமக்கென்று ஒரு சீட்டுக்கட்டு தயாரிக்க ஏதாவது பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம். சுனாமியையும் 2015 வெள்ளத்தையும் நேரில் சமாளித்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.