குறட்டை நிற்கும் அந்த இருபது நொடி

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகும் லாரிகளில் ஒன்றை என் மாமா இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். ஒருமுறை நானும் கூடப் போனேன். புளியரைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் வண்டிகள் நகரவில்லை. மாமா சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் மல்லாந்து படுத்தார். இரண்டே நிமிடத்தில் குறட்டை. பிறகு சட்டென்று சத்தம் நின்றது. நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டிருந்தன, ஆனால் மூக்கருகே கை வைத்துப் பார்த்தால் காற்றே இல்லை. எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒரு பெரிய செருமலோடு உடம்பு தூக்கிப் போட, மூச்சு வந்தது. கண்ணைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை.

"அலுப்புல அசந்து தூங்குதாரு" என்பாள் அத்தை. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

புனலூரில் மூட்டை இறக்குபவர்கள் குறட்டையைக் கூர்க்கம்வலி என்பார்கள். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்ற இந்த நோய்க்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. இதயத்தைக் கெடுப்பதில் அந்த இழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. தசைகள்தான் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அவை தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், தாடை சிறிதாக உள்வாங்கி இருப்பவர்களுக்கும் பாதை முன்பே குறுகல். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், மது குடித்தால் தசை இன்னும் தளரும். இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா நனைந்த பிறகு வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. பத்து நொடியாவது மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு முழுக்க நிற்பதும் ஓரளவு குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 முறை வரை வந்தால் லேசான ஸ்லீப் ஆப்னியா, 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ராத்திரி முழுக்க.

சரி, தொண்டை அடைத்தால் இதயத்துக்கு என்ன?

வாசல் மூடியிருப்பது நெஞ்சுக்குத் தெரியாது. உதரவிதானம் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்று வராததால் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் சரிகிறது, அந்த இழுவை இதயத்தின் சுவர்களை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ரத்தத்தை வெளியே தள்ளச் சுருங்க வேண்டிய இதயம் இந்த இழுவையையும் எதிர்த்துச் சுருங்க வேண்டும். மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள்தான் அதிகம் விரிகின்றன. வருடக்கணக்கில் இப்படி விரிந்தால் அங்கே மின்துடிப்பின் ஒழுங்கு குலையும். ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்புக்கு அது ஒரு வழி, அதனால் பக்கவாதமும் வரலாம். மேலறை விரிந்தவுடன் "ரத்தம் அதிகமாகிவிட்டது" என்று ஏமாந்து, சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனை இதயம் சுரக்கிறது. மாமா ராத்திரி மூன்று தடவை எழுந்து ஒண்ணுக்குப் போவதைச் சர்க்கரை என்றே நினைத்திருந்தோம். சர்க்கரை அளவோ சரியாகவே இருந்தது.

இன்னொரு பக்கம், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் சிறு உணர்வு முடிச்சு அதைக் கண்டு மூளையை எச்சரிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. மூச்சு திரும்பும் நொடியில் ரத்த அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. நல்ல தூக்கத்தில் அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறைய வேண்டும், இதயத்துக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அது. இவர்களில் பலருக்கு அந்த இறக்கமே இல்லை. ரத்தக்குழாய்களின் அந்த இறுக்கம் பகலிலும் தொடர்கிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது இதனால்தான். அப்புறம், ஆக்சிஜன் குறைந்து குறைந்து ஏறுவதால் ரத்தக்குழாயின் உள்தோல் புண்பட்டு, கொழுப்பு படிய இடம் கிடைக்கிறது.

பொதுவாகத் திடீர் இதய மரணங்கள் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அதிகம். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் அது நள்ளிரவு முதல் காலை 6 வரை குவிகிறது என்று அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் புளியரையில் எண்ணிய இருபதுதான் நினைவுக்கு வந்தது.

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் கொண்டுவந்த சிபாப் கருவிதான் இன்றும் முக்கிய சிகிச்சை. மூக்கில் முகமூடி, அதன் வழியே மெல்லிய காற்றழுத்தம், தொண்டை ஒட்டாமல் நிற்கும். பிரஷரும் ஓரளவு குறையும், பகல் தூக்கம் போகும். மாரடைப்பைத் தடுக்குமா? முன்பே இதய நோய் இருந்த 2,700க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் அவர்கள் கருவியைப் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். மீதி ராத்திரி தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும், அதனால் கருவியால் பலனே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. உடல் எடை குறைவதும், ஒருக்களித்துப் படுப்பதும், மதுவை விடுவதும் கூடவே வேண்டும்.

வளைவுகள் நிறைந்த அந்த மலைப்பாதையில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு கண் பரிசோதனை போல இந்த நோய்க்கான தூக்கச் சோதனையையும் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கஷ்டமான சோதனை இல்லை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, வீட்டிலேயே ஒரு ராத்திரி.

மாமாவுக்கு மணிக்கு 41 வந்தது. கருவி போட்ட முதல் ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை திடுக்கிட்டு எழுந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. பதறிப்போய் அவர் நெஞ்சில் கை வைத்தாள். அது ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.