புல்தரைக்கு ஸ்பிரிங்ளர் போடறீங்களா? நல்ல தண்ணி லைன்ல கோர்க்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கோயமுத்தூர்ல புதுசா வீடு கட்டறவங்க நெறைய பேரு வாசல்ல கொஞ்சூண்டு எடம் இருந்தாலும் புல்லு வெச்சு, டைமர் போட்ட ஸ்பிரிங்ளரும் மாட்டிக்கறாங்க. அது தப்பில்லீங்க. ஆனா அந்த லைனை நேரா கார்ப்பரேஷன் பைப்புல ஒரு 'T' ஜாயின்ட் போட்டு கோர்த்துடறாங்க பாருங்க, அதுதான் கூடவே கூடாது.

வீட்டுக் கனெக்‌ஷன் குடுக்கறது குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்கத்தான், தோட்டத்துக்குப் பாய்ச்சறது அந்தக் கணக்குல வராது. ஸ்பிரிங்ளருக்கு ப்ரஷர் பத்தலைன்னு மெயின் லைன்லயே மோட்டார் வெச்சு உறிஞ்சறது அதை விடப் பெரிய குத்தம், ஆளுக வந்து பாத்தா மோட்டாரையும் எடுத்துட்டுப் போவாங்க, கனெக்‌ஷனையும் கட் பண்ணுவாங்க.

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, நம்மூர்ல பல ஏரியாவுக்கு முறை வெச்சுத்தான் தண்ணி விடறாங்க. வால்வை அடைச்ச பொறவும் பள்ளத்து வீடுகள்ல தண்ணி இறங்கிட்டே இருக்கும், அப்ப மேட்டு வீட்டுப் பைப்பெல்லாம் காலியாகி, தெறந்திருக்கற எடத்துல இருந்து உள்ள இழுக்க ஆரம்பிக்கும். ஸ்பிரிங்ளர் தலை எங்க இருக்குது? மண்ணோட மண்ணா. அங்க தேங்கி நிக்கற சேறு, போட்ட யூரியா, அடிச்ச மருந்து, நாய் அசிங்கம் எல்லாம் கலந்த தண்ணி அப்படியே லைனுக்குள்ள போயி, அடுத்த முறை தண்ணி விடறப்ப பக்கத்து வீட்டுக் குடத்துல வந்து விழுகும். அந்த வீட்ல கைக்குழந்தை இருந்தா என்னாகும்னு யோசிங்க. தண்ணிய ஒரு பக்கமா மட்டும் விடற நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாச்சுங்கன்னு பிளம்பர் சொல்லுவாரு, ஒரு சின்னக் கல்லு மாட்டினாக்கூட அது சரியா மூடாதுங்க, அதை மட்டும் நம்பாதீங்க.

சரியான வழி தனித்தொட்டி. தோட்டத்துக்குன்னு ஒரு டேங்க் வெச்சு, அதுல இருந்துதான் மோட்டாரும் ஸ்பிரிங்ளரும் ஓடணும். டேங்க்ல தண்ணி விழுகற பைப்போட வாய் எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேலயே நிக்கணும், பைப் விட்டத்துல ரெண்டு மடங்கு, எவ்வளவு சின்னப் பைப்பா இருந்தாலும் 25 மில்லிமீட்டருக்குக் கொறையாம இடைவெளி வேணும். அந்த இடைவெளி இருந்தா எந்த வாக்குவமும் தண்ணியத் திருப்பி இழுக்க முடியாது.

அந்த டேங்க்லயும் நல்ல தண்ணிய நிரப்பாதீங்கன்னுதான் சொல்லுவேன். 1 சென்ட்டுன்னா சுமார் 40 சதுர மீட்டர், வெயில் காலத்துல ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஒசரத்துக்குத் தண்ணி விட்டாலே 200 லிட்டர் ஆச்சு. பாதாளச் சாக்கடை இருக்கற ஊர்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கறதுதான் மத்திய அரசு வெச்சிருக்கற அளவே. 2024 மார்ச்சுல பெங்களூர்ல குடிதண்ணியத் தோட்டத்துக்கு விட்டா 5,000 ரூபா அபராதம்னு போட்டாங்க, சிறுவாணி வத்தற வருசம் இங்கயும் அந்த நெலைமை வர ரொம்ப நேரமாகாதுங்க.

உப்புத்தண்ணி போர் இருந்தா அந்தத் தண்ணியால டேங்க்கை நிரப்புங்க, 2003-ல இருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான, மழைத்தண்ணியவும் டேங்க்குக்குத் திருப்பிக்கலாம். ஆனா போர் லைனையும் நல்ல தண்ணி லைனையும் நடுவுல ஒரே ஒரு வால்வு வெச்சு சேத்து வெக்காதீங்க, அதுவும் அதே ஆபத்துதான்.

இன்னொன்னு, சொட்டுநீருக்கு சிறு குறு விவசாயிக்கு 100%, மத்த விவசாயிக்கு 75% மானியம்ங்கறது தோட்டங்காட்டுக்குத்தான், வீட்டுப் புல்லுக்குக் கெடையாது. வாங்கித் தர்றேன்னு யாராச்சும் பணம் கேட்டா குடுத்துராதீங்க.