வளரூக்கி என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்

தங்கச்சிக்கு இது ஏழாம் மாதம். போன கிழமை கிளினிக்குக்குப் போய்விட்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கிற வீட்டுக்கு வந்தவள், அங்கே கொடுத்த துண்டுப்பிரசுரத்தை என்னிடம் நீட்டி, “அண்ணா, வளரூக்கி எண்டா என்ன? கட்டியை வளர்க்கிற சாமானா?” என்று கேட்டாள். கர்ப்பகால வளரூக்கிகளுக்கும் தாயின் பிற்கால மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று அதில் ஒரு வரி. பயப்படாமல் என்ன செய்வாள்? எனக்கோ ஓமோனுக்குத் தமிழ் என்று வைத்த இந்த வளரூக்கியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஓமோன் என்ற மூலச் சொல்லின் கதை சின்னது. 1905-இல் இலண்டனில் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ‘தூண்டிவிடு’ என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தார்கள். இரத்தத்தோடு போய் வேறோர் உறுப்பை வேலை வாங்கும் பொருள், அவ்வளவுதான். நம் பாடப்புத்தகத்தில் ஓமோன், தமிழ்நாட்டில் ஹார்மோன்.

இதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது? ஸ்டார்லிங்கும் அவரோடு வேலை செய்த பேலிஸும் 1902-இல் கண்ட செக்ரெட்டின் என்ற ஓமோன் கணையத்தைச் சுரக்கவைக்கிறதே தவிர எதையும் வளர்ப்பதற்காகப் பெயர் வாங்கியதல்ல. சீனி வருத்தக்காரர் போடும் இன்சுலினும் ஓமோன்தான், அதை வளரூக்கி ஊசி என்று சொல்லிப் பாருங்கள், எந்த அப்பா கையை நீட்டுவார்? சோமாடோஸ்டாட்டின் என்று ஒன்று இருக்கிறது, வளர்ச்சி ஓமோனைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அப்போது அது வளர்ச்சியைத் தடுக்கிற வளரூக்கியா? கந்தளாய் வயலில் பயிர் வளர அடிப்பதை வளரூக்கி என்று சொன்னால் சரி, நான் வாயே திறக்கமாட்டேன்.

கர்ப்ப விஷயத்தில் இந்தச் சொல் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறது, எனக்கு அதுதான் கோபம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஓமோன்களும் பல மடங்கு கூடி மார்பகக் கலங்களைப் பெருகவைப்பது உண்மை. ஆனால் அப்புறம் அவற்றைப் பால் சுரக்கக்கூடிய முதிர்ந்த கலங்களாக மாற்றுவதும் இதே கர்ப்பகால ஓமோன்கள்தான், முதிர்ந்த கலம் புற்றாக மாறுவது அரிது என்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில காலம் நோய் வரும் சாத்தியம் சற்றுக் கூடுகிறது, 5 ஆண்டளவில் உச்சம், 20 ஆண்டுக்கு மேல் போனபின் பிள்ளை பெறாதவர்களைவிடக் குறைகிறது. முதல் பிள்ளையை இளவயதில் பெற்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கூட. 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2002-இல் வந்த ஆய்வில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதமும் நோய் வரும் சாத்தியம் குறைவு. இதையெல்லாம் ‘வளர்’ என்ற மூன்றெழுத்துக்குள் அடைத்தால் மிஞ்சுவது கட்டி மட்டும்தான்.

ஓமோனுக்குச் சொல்லும் இன்னொரு தமிழ்ச் சொல்லான இயக்குநீர் பரவாயில்லை, ‘இயக்கு’ கிரேக்கத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் நீர்? கன்னியா வெந்நீரூற்றில் ஊறுவது நீர். கர்ப்பிணியிடம் போய் நீர் என்றால் காலில் கட்டின நீரையும் பன்னீர்க்குடத்தையும்தான் நினைப்பாள். ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் பொருள், அதைப் பிரித்தெடுத்தால் பளிங்குத் துகளாக வரும்.

என்னைக் கேட்டால் உட்சுரப்பு. பால் சுரக்கும், ஊற்றுச் சுரக்கும் என்று வாயில் ஏற்கெனவே இருக்கிற வினை, உள்ளேயே சுரந்து இரத்தத்தில் கலப்பது என்பதும் விளங்கிவிடும். அது பிடிக்காவிட்டால் ஓமோன் என்றே விடுங்கள், பத்தாம் வகுப்புப் படித்த எல்லோருக்கும் தெரியும். தனித்தமிழ் எனக்கும் விருப்பம்தான், ஆனால் தமிழ்ச் சொல்லை விளக்க ஆங்கிலச் சொல்லைக் கூப்பிடவேண்டி வந்தால் மொழிபெயர்த்து என்ன பலன்?

பேனையால் வளரூக்கியை வெட்டி உட்சுரப்பு என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்தவள் அடுத்த வரியில் நின்றுவிட்டாள். “சூல்வித்தகமா? அதார் வித்துவான்?”

நஞ்சுக்கொடி என்று எழுத இவர்களுக்குக் கை கூசுகிறது.