ஸ்வெட்ஷாப் = பிழிபட்டறை

ஆளை அடிமாட்டுக் கூலிக்கு நேரங்காலம் பார்க்காமல் வேலை வாங்குகிற, பாதுகாப்பும் சரியாக இல்லாத தொழிற்கூடத்துக்கு ஸ்வெட்ஷாப் என்று பெயர். 'வியர்வைக் கடை' என்று அப்படியே பெயர்த்தால் ஏதோ உடற்பயிற்சிக் கூடம் போல இருக்கிறது, வேண்டாம்.

சொல் பிறந்தது 19ஆம் நூற்றாண்டுத் தையல் தொழிலில். அப்போது லண்டனில் 'ஸ்வெட்டர்' என்றால் கம்பளிச் சட்டை மட்டுமல்ல, இடைத்தரகருக்கும் அதுதான் பெயர். பெரிய கடையில் ஆர்டர் எடுத்து, நெருக்கடியான அறையில் ஆட்களை உட்காரவைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று தைத்து வாங்குவார். கடை தரும் பணத்துக்கும் தான் தரும் கூலிக்கும் நடுவில் நிற்பதுதான் அவர் லாபம், அப்புறம் கூலியைக் குறைக்காமல் என்ன செய்வார்? 1888ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையே இதை விசாரிக்கக் குழு போட்டது. ஆக, சொல்லின் உயிர் வியர்ப்பவரிடம் இல்லை, வியர்க்க வைப்பவரிடம் இருக்கிறது.

உலகமயத்தில் அந்தத் தரகுச் சங்கிலி கடல் தாண்டி நீண்டுவிட்டது, அவ்வளவுதான். வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவரில் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேல் மாடிகளில் தைத்தவர்களை மட்டும், சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டி மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அன்றைக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி மாதம் 3,000 டாகா (வங்கதேசப் பணம்). எந்தெந்த வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்தார்கள் என்று காட்ட, இடிபாட்டுக்குள் லேபிள் பொறுக்க வேண்டியிருந்தது.

'சுரண்டல் கூடம்' என்றும் சொல்லலாம், தப்பில்லை; ஆனால் எல்லாவற்றையும் சுரண்டல் என்றே சொல்லிச் சொல்லி அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. வேலை வாங்கிப் 'பிழிகிறான்' என்று நாம் பேச்சிலேயே சொல்கிறோமே, அதனால் பிழிபட்டறை என் தேர்வு.

திருப்பூரில் ஜாப் ஒர்க், பீஸ் ரேட் என்று நடப்பதெல்லாம் பிழிபட்டறை ஆகிவிடாது. கூலி, நேரம், பாதுகாப்பு மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கொத்தடிமை முறையும் வேறு. அங்கே முன்பணக் கடன் ஆளைக் கட்டிப்போடுகிறது. பிழிபட்டறையில் கதவு திறந்தே இருக்கலாம், வெளியே போனால் பக்கத்துப் பட்டறையிலும் அதே கூலிதான்.